பதகளிப்பும் பைக்குள் இருந்த குளிசைகளும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த நேரம். கூட்டம் முழுவதும் ஒரு சொல்லும் பேசாமல் கதவுக்கு அருகில் இருந்த ஓர் அக்கா என்னிடம் வந்தார். "தங்கச்சி, இதுக்குள்ள எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுவியளோ?" என்று கேட்டுவிட்டு, கையில் இருந்த சீலைப் பையைப் பாயில் கவிழ்த்தார்.

வைத்தியசாலையில் கடதாசி உறையில் போட்டுக் கொடுத்த புளுவொக்செற்றீன் குளிசைகள் அரைவாசி அப்படியே இருந்தன. பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த டயசிபாம் குளிசைகள் நான்கு, பேப்பர் துண்டில் சுற்றியபடி. மகளின் கர்ப்ப காலத்தில் கிளினிக்கில் கொடுத்து மிஞ்சிய இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியமும். கடையில் வாங்கிய பி கொம்ப்ளெக்ஸ். காலில் இருக்கும் ஷெல் துண்டின் நோவுக்காகப் பாமசியில் வாங்கிய நோக்குளிசை. ஓர் அரிஷ்டப் போத்தல். கடைசியாக, கனடாவில் இருக்கும் தங்கை அனுப்பிய பெரிய பிளாஸ்ரிக் போத்தல் ஒன்று. அதன் மேல் மஞ்சள் பூவின் படம். மொத்தம் எட்டு வகை.

"எல்லாம் பதகளிப்புக்குத்தான்" என்றார் அக்கா. "ஒண்டும் கேக்குதில்லை."

நான் வைத்தியர் அல்ல. உளவளத்துணை வேலையாக ஊர் ஊராகப் போய்வருபவள். ஆகவே அந்தப் பாயில் வைத்து நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. பையை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த கிளினிக் நாளில் அவருடன் உளநலப் பிரிவுக்குப் போனேன். அங்கே தெரிந்துகொண்டவற்றை, அந்த அக்காவின் விருப்பத்துடன், ஊரையும் பேரையும் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். இந்தப் பை அவருடைய வீட்டில் மட்டும் இருப்பதல்ல என்பது எனக்குத் தெரியும். வாசிக்கும் உங்களில் சிலரின் அலுமாரிக்குள்ளும் இப்படி ஒன்று இருக்கக்கூடும்.

அக்காவின் கதை நீண்டது. 2009 மே மாதத்தில் கணவரைக் கடைசியாகக் கண்டது. அதற்குப் பின் முகாம், மீள்குடியேற்றம், கூலி வேலை, பிள்ளைகளின் படிப்பு. அந்த ஆண்டுகளில் அழவோ பயப்படவோ நேரம் இருக்கவில்லை என்று அவரே சொன்னார். மகளைக் கலியாணம் கட்டிக் கொடுத்து, மகனும் வேலைக்குப் போன பிறகுதான் வருத்தம் தலைதூக்கியது. இரவில் வீட்டு வாசலில் மோட்டார்ச் சைக்கிள் நின்றால் நெஞ்சு அடிக்கத் தொடங்கும். கை கால் விறைக்கும், தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல் இருக்கும், சாகப் போகிறேன் என்று தோன்றும். மூன்று தடவை வைத்தியசாலைக்கு ஓடி ஈ.சீ.ஜீ எடுத்தார். மூன்று தடவையும் இருதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள்.

"ஒன்றுமில்லை" என்ற அந்தச் சொல் எமது பெண்களை எவ்வளவு நோகடிக்கிறது என்பதைச் சொல்பவர்கள் உணர்வதில்லை. இருதயத்தில் ஒன்றுமில்லை என்பது உண்மை. ஆனால் அடித்த நெஞ்சும் உண்மை, விறைத்த கையும் உண்மை. ஆபத்து வரும்போது ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார்ப்படுத்தும் ஓர் ஏற்பாடு எல்லோரிடமும் உண்டு. ஷெல் விழுந்த காலத்தில் எம்மைப் பங்கருக்குள் ஓட வைத்துக் காப்பாற்றியது அதுதான். வருடக்கணக்காக அந்த ஏற்பாடு ஓயாமல் வேலை செய்த பிறகு, சிலருக்கு ஆபத்து இல்லாத இடத்திலும் அது தானாக எழுந்து மணியடிக்கிறது. இதைத்தான் எமது உளமருத்துவர்கள் பதகளிப்பு என்கிறார்கள். இது கோழைத்தனமும் அல்ல, பேயும் அல்ல, நடிப்பும் அல்ல.

இது ஒருவர் இருவரின் வருத்தமும் அல்ல. போர் முடிந்த சில மாதங்களில், 2009 யூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகள் 2011 இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியாயின. ஆய்வில் பங்குபற்றியோரில் 32.6 வீதமானோரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும் 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் காணப்பட்டன. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதமானோரிடம் இருந்தன. மூவரில் ஒருவருக்குப் பதகளிப்பு என்றால் அது எமது மண்டபத்தில் ஒவ்வொரு பாயிலும் ஒருவராவது இருக்கும் கணக்கு.

முதல் இரண்டு கிழமைகள்

உளநலப் பிரிவில் அக்காவுக்குக் கொடுத்தது 20 மில்லிகிராம் புளுவொக்செற்றீன், காலையில் ஒன்று. இது மனச்சோர்வுக்கான மருந்து. பதகளிப்புக்கும் இதையும் இதே வகையைச் சேர்ந்த சேர்ட்ராலீன் போன்றவற்றையும் கொடுப்பது வழமை. "எனக்குப் பயம்தானே, ஏன் சோர்வுக்கு மருந்து தருகினம்?" என்று பலர் கேட்பதுண்டு. மூளையில் செரோற்றொனின் என்ற இரசாயனம் வேலை செய்யும் விதத்தை இம்மருந்துகள் மாற்றுகின்றன. சோர்வு, பயம் இரண்டிலும் அதற்குப் பங்கு உண்டு. இரண்டு வருத்தமும் பெரும்பாலும் கைகோத்துத்தான் வருகின்றன.

அக்கா நான்காம் நாளே குளிசையை நிறுத்திவிட்டார். "போட்டவுடனை இன்னும் கூட நெஞ்சடிக்குது, வயித்தைப் பிரட்டுது, நித்திரை இல்லை. வருத்தத்தைக் கூட்டுற மருந்தை ஏன் போடுவான்?" இரண்டு மாதம் கழித்து மகள் வற்புறுத்தியதால் மறுபடி தொடங்கினார்; ஆறாம் நாள் நிறுத்தினார். பிறகு இன்னொரு தடவை. இப்படி மூன்று முறை.

இந்த இடத்தில்தான் எமது பெண்களில் பலர் வழி தவறுகிறார்கள். ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வகைக் குளிசைகளைத் தொடங்கும்போது முதல் ஒன்று இரண்டு கிழமைகளுக்குப் பதகளிப்பு கூடலாம். குமட்டல், தலையிடி, நித்திரைக் குழப்பம், கை நடுக்கம், ஓரிடத்தில் இருக்க முடியாத அந்தரம் ஆகியனவும் வரலாம். இவை வராதவர்களும் உண்டு. வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு மெல்ல மெல்லக் குறைந்துவிடும். ஆனால் நன்மை தெரிய இரண்டு முதல் ஆறு கிழமை வரை எடுக்கும். பதகளிப்புக்கு அதைவிடக் கூடவும் எடுக்கலாம். அதாவது கெடுதி முன்னே வருகிறது, நன்மை பின்னே வருகிறது. இந்த ஒரு விடயத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் அக்கா ஒரு வருடத்தை இழந்திருக்க மாட்டார். கிளினிக்கில் நூறு பேர் காத்திருக்கும்போது வைத்தியருக்கு நேரம் கிடைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே நாமே கேட்க வேண்டும்: "டொக்டர், முதல் கிழமை எனக்கு என்ன செய்யும்? எப்போது குணம் தெரியும்? தாங்க முடியாவிட்டால் நான் என்ன செய்ய?"

தாங்க முடியாவிட்டால் வழி உண்டு. வைத்தியர் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டலாம். அக்காவுக்கு நான்காம் தடவை அப்படித்தான் செய்தார்கள். காலையில் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொன்னார்கள். அதனால் வயிற்றுப் பிரட்டலும் இரவு விழிப்பும் குறைந்தன. புளுவொக்செற்றீன் பொருந்தாதவர்களுக்கு வேறு மருந்து மாற்றலாம். தாம்பத்திய விருப்பம் குறைவதும் இம்மருந்துகளின் பக்கவிளைவாக இருக்கலாம். எமது பெண்கள் இதை வாய் திறந்து சொல்வதில்லை, மருந்தை மட்டும் சத்தமின்றி நிறுத்திவிடுகிறார்கள். தாதியிடமாவது சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் பொறுத்திருந்து பார்க்கக் கூடாது. குளிசை தொடங்கிய பிறகு, அல்லது அளவைக் கூட்டிய பிறகு, சாக வேண்டும் என்ற எண்ணம் புதிதாக வந்தாலோ கூடினாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இருபத்தைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விடயத்தில் வீட்டார் முதல் கிழமைகளில் கூடிய கவனம் வைக்க வேண்டும். நித்திரையே இல்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்துடன், இடைவிடாமல் பேசிக்கொண்டு காசைக் கண்டபடி செலவழிக்கும் நிலை வந்தாலும் அப்படியே. இரவில் யாரும் இல்லை என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு.

"அவரை மறந்திடுவனோ?"

மருந்தின் பக்கவிளைவு மட்டும்தான் அக்காவைத் தடுத்தது என்று நான் நினைத்திருந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் மெல்லிய குரலில் வேறொன்று கேட்டார்.

"தங்கச்சி, இதைப் போட்டு எனக்கு நல்ல நித்திரை வந்தால், நான் அவரை மறந்திடுவனோ?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. இந்தக் கேள்வியை வேறு ஊர்களிலும் வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறேன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களின் வீதியோரப் போராட்டத்தில் வருடக்கணக்காக இருந்த தாய்மாரிடமும் கேட்டிருக்கிறேன். இறந்தவர்க்கு அந்தியேட்டி உண்டு, திவசம் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு எதுவும் இல்லை. பொட்டு வைப்பதா வேண்டாமா என்பதுகூட ஒவ்வொரு நாளும் காலையில் எடுக்க வேண்டிய முடிவாக இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்குப் பயமும் ஏக்கமும் கணவரைக் கையில் பிடித்து வைத்திருக்கும் கடைசிக் கயிறுபோல் தோன்றுகிறது. அந்தக் கயிற்றைக் குளிசை அறுத்துவிடுமோ என்று அவர் அஞ்சுகிறார். நிம்மதியாக நித்திரை கொள்வதே துரோகமாகப் படுகிறது.

இதை நாங்கள் அடுத்த முறை உளமருத்துவரிடமே கேட்டோம். மருந்து ஞாபகத்தை அழிப்பதில்லை என்றார் அவர். அலாரம் அடிக்கும் சத்தத்தைத்தான் குறைக்கிறது. யாருக்காக ஏங்குகிறோம் என்பதை அது தொடுவதில்லை. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் அவருக்காக அலுவலகத்துக்கும் போகலாம், கூட்டத்துக்கும் போகலாம் தானே?" என்று கேட்டார். போகலாம், நடுங்காமல் போகலாம் என்றார் வைத்தியர். அன்றைக்குப் பிறகுதான் அவர் மருந்தை விடாமல் போடத் தொடங்கினார் என்பது என் கணிப்பு. அளவைக் குறைத்ததைவிட இந்தப் பதில்தான் வேலை செய்தது என்றே நினைக்கிறேன்.

குளிசை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று யாரும் சொல்லவில்லை. கணவருக்கு என்ன நடந்தது என்ற கேள்விக்கு எந்தப் பாமசியிலும் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தர வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

பையைப் பிரித்தபோது

இனி அந்தப் பைக்கு வருவோம். உளமருத்துவர் எட்டையும் மேசையில் பரப்பி வைத்தார். முதலில் கையில் எடுத்தது கனடாப் போத்தலைத்தான்.

அது செயின்ற் ஜோன்ஸ் வேர்ட் என்ற மூலிகை. ஐரோப்பாவில் நெடுங்காலமாக மனச்சோர்வுக்குப் பாவிக்கப்படுவது. வெளிநாடுகளில் துண்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். அக்காவின் தங்கை நல்ல மனத்துடன்தான் அனுப்பியிருக்கிறார். ஆனால் இந்த மூலிகையும் செரோற்றொனினைக் கூட்டுவது. புளுவொக்செற்றீனுடன் சேர்த்துப் போட்டால் செரோற்றொனின் அளவு மீறிப் போய்விடலாம். அப்போது நடுக்கம், வியர்வை, காய்ச்சல், வயிற்றோட்டம், தசைத் துடிப்பு, மனக் குழப்பம், நெஞ்சுப் படபடப்பு வரும். கடுமையானால் உயிருக்கும் ஆபத்து. அக்கா இரண்டையும் ஒரே கிழமையில் போட்ட நாட்களும் இருந்தன. அவர் பதகளிப்பு என்று நினைத்த நடுக்கத்தில் ஒரு பங்கு இந்தப் போத்தலில் இருந்து வந்திருக்கலாம் என்றார் வைத்தியர். மேலும் ஒரு விடயம்: இந்த மூலிகை கர்ப்பத்தடைக் குளிசையின் வேலையையும் குறைத்துவிடும். "மூலிகைதானே, ஒண்டும் செய்யாது" என்று எண்ணும் இளம் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். புளுவொக்செற்றீன் உடலை விட்டுப் போகப் பல கிழமைகள் எடுக்கும். ஆகவே குளிசையை நிறுத்திய மறுநாளே மூலிகைக்கு மாறுவதும் பிழை.

அடுத்து நோக்குளிசை. எமது பெண்கள் எத்தனை பேர் ஷெல் துண்டை உடம்பில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போகிறார்கள் என்பது எமக்குத் தெரியும். டைக்குளோபெனாக், ஐபுபுறுபன் போன்ற நோக்குளிசைகளைப் புளுவொக்செற்றீன் வகை மருந்துகளுடன் நெடுக எடுத்தால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்புக் கூடும். வயிற்றெரிவு, கறுப்பாக மலம் போதல் இருந்தால் உடனே காட்ட வேண்டும். ரமடோல் என்ற கடுமையான நோமருந்தும் செரோற்றொனினைக் கூட்டுவதுதான். வேறு கிளினிக்கில் நோவுக்குக் கொடுத்தால், நீங்கள் உளநல மருந்து எடுப்பதை அங்கே சொல்லியே ஆகவேண்டும். அக்காவுக்கு பரசிற்றமோலை அளவோடு போடும்படியும், காலை எலும்பு முறிவுப் பிரிவில் மறுபடி காட்டும்படியும் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டு அம்மாவின் டயசிபாம். இது வேகமாக வேலை செய்யும், அதுதான் அதன் கவர்ச்சியும் ஆபத்தும். அரை மணித்தியாலத்தில் மனம் அடங்கும். ஆனால் சில கிழமைகளுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் உடல் அதற்குப் பழகி, அது இல்லாமல் நித்திரையே வராது என்ற நிலை வரும். திடீரென விட்டால் பதகளிப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும், வலிப்பும் வரக்கூடும். எமது ஊர்களில் பலர் எல்லா மனநல மருந்தும் பழக்கமாகிவிடும் என்று அஞ்சுவது இதைக் கண்டுதான். புளுவொக்செற்றீன் அப்படிப்பட்ட போதைப் பழக்கத்தை ஏற்படுத்துவதில்லை. ஆனாலும் அதைக்கூடத் திடீரென நிறுத்தாமல் வைத்தியர் சொல்லும் விதமாகக் குறைக்க வேண்டும். பெரும்பாலானோரிடம் குணம் வந்த பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், சிலருக்கு இன்னும் கூட.

அரிஷ்டத்தைப் பற்றிச் சொன்னால் சிலர் கோபிக்கலாம். அது நொதிக்க வைத்துத் தயாரிப்பது, ஆகவே இயல்பாகவே அதில் மதுசாரம் இருக்கும். ஒரு மேசைக்கரண்டி பெரிய விடயமல்ல. ஆனால் அக்கா நித்திரைக்காக அரைக் கோப்பை குடித்திருக்கிறார், அதன் மேல் டயசிபாமும். இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். அமிற்றிப்ரிலின் எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும், அதுவும் தூக்கம் தரும் மருந்து. அமுக்கராக் கிழங்குச் சூரணமும் இப்போது குளிசையாகக் கடைகளில் வருகிறது. அதுவும் தூக்கத்தைக் கூட்டலாம், தைரொயிட் வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களின் அளவுகளைக் குழப்பலாம், சிலருக்கு ஈரலையும் பாதித்திருக்கிறது. சித்த வைத்தியரிடம் போவதை நான் தடுக்கவில்லை. எங்கள் அம்மாவே போனவர்தான். அங்கே போகும்போது இங்கே எடுக்கும் குளிசையைச் சொல்லுங்கள், இங்கே வரும்போது அங்கே எடுப்பதைச் சொல்லுங்கள். வல்லாரைச் சம்பல் சாப்பிடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இரும்புச்சத்தும் கல்சியமும் விற்றமினும் புளுவொக்செற்றீனுடன் சண்டை பிடிப்பதில்லை. ஆனால் மகளின் குளிசையை அக்கா ஏன் போட்டார் என்று வைத்தியர் கேட்டார். களைப்பு, படி ஏறினால் நெஞ்சடிப்பு, தலைச்சுற்று என்றார் அக்கா. அதைக் கேட்டதும் அவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். இரத்தச்சோகை இருந்தாலே நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும். தைரொயிட் கூடினாலும் பதகளிப்புப் போலவே இருக்கும். விற்றமின் பி12 குறைந்தால் சோர்வும் விறைப்பும் வரும். பரிசோதித்துக் குறைபாடு தெரிந்தால் அதற்கு மருந்து உண்டு. தெரியாமல் மாதக்கணக்கில் விற்றமின் வாங்கிக் காசைக் கரைப்பதில் பயனில்லை. அக்காவுக்கு இரத்தச்சோகை இருந்தது. ஆனால் அவர் இரும்புக் குளிசையை எப்போதும் பிளேன்ரீயுடன்தான் விழுங்கியிருக்கிறார். தேயிலை இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். கல்சியத்தையும் அதே நேரத்தில் போடக் கூடாது. ஒன்று காலை, மற்றது இரவு என்று பிரித்து, இரும்பைத் தேசிக்காய்த் தண்ணீருடனோ ஒரு கொய்யாப்பழத்துடனோ எடுக்கச் சொன்னார்கள்.

தேநீர் என்றதும் இன்னொன்று. அக்கா ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது கோப்பை சாயத் தண்ணீர் குடிப்பவர். வெற்றிலையும் போடுவார். தேயிலையில் உள்ள கஃபீனும் பாக்கில் உள்ள அரெக்கொலினும் நெஞ்சுத் துடிப்பைக் கூட்டுபவை. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தேநீரை நிறுத்தியதே நித்திரைக்குப் பாதி மருந்தாகிவிட்டது. வெற்றிலையை அவர் இன்னும் விடவில்லை.

வயதான அம்மாமார் பிரஷருக்குச் சலம் போகும் குளிசை எடுப்பவர்களாக இருந்தால், புளுவொக்செற்றீன் வகை மருந்து தொடங்கிய பின் தலையிடி, குழப்பம், தள்ளாட்டம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். உடலில் உப்புச்சத்துக் குறைந்திருக்கலாம். கர்ப்பமான பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் பயந்து தாமாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி வைத்தியரிடம் போனால் பொருத்தமான மருந்தைத் தெரிந்து தருவார்கள்.

அலை வரும்போது

மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரையுள்ள அந்தக் கிழமைகளை எப்படிக் கடப்பது? அக்காவுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்தது மிகவும் எளிய விடயம். பதகளிப்பு அலைபோல் எழும், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். அலை எழும்போது ஓடாமல் இருந்த இடத்திலேயே இருந்து, மூக்கால் நான்கு எண்ணும் வரை மூச்சை எடுத்து, வாயால் ஆறு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கால் பாதத்தை நிலத்தில் அழுத்தி, கண்ணுக்குத் தெரியும் பொருட்களின் பெயரைச் சொல்லலாம்: குடம், பாய், பூவரச மரம், கோழி.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், அவரவர் மரபில் ஏற்கெனவே இருக்கும் பயிற்சிகளையே தளர்வுக்குப் பயன்படுத்தலாம் என்பதை வலியுறுத்தியவர். சைவர்கள் மந்திரத்தை உச்சரிக்கலாம், கத்தோலிக்கர்கள் செபமாலை சொல்லலாம், முஸ்லிம் பெண்கள் திக்ர் செய்யலாம். அக்கா "ஓம் நமசிவாய" சொல்கிறார், மூச்சை விடும்போது. எனக்கு இதில் பிடித்தது, இதற்குத் தனியாக இடமோ காசோ தேவையில்லை என்பது. பஸ்ஸில் இருந்தும் செய்யலாம், அலுவலக வரிசையில் நின்றும் செய்யலாம்.

நெஞ்சுநோ புதிதாக வந்து கைக்கோ தாடைக்கோ பரவினால், அல்லது வேலை செய்யும்போது இறுக்கிப் பிடித்தால், அதைப் பதகளிப்பு என்று விட்டுவிடாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஒருமுறை ஒன்றுமில்லை என்றார்கள் என்பதற்காக எப்போதும் ஒன்றுமில்லை என்று ஆகாது.

மருந்து தீர்ந்து போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 இல் நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்தபோது அரச வைத்தியசாலைகளிலேயே பல மருந்துகள் இல்லாமல் போயின. வெளியே வாங்கக் காசில்லாமல் திடீரென நிறுத்தியவர்களைக் கண்டேன். தலைச்சுற்று, மின்சாரம் அடித்ததுபோன்ற உணர்வு, அழுகை, எரிச்சல், பழைய பயம் எல்லாம் சேர்ந்து வந்து தமக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்தார்கள். அது மருந்தைச் சடுதியாக விட்டதன் விளைவு. ஆகவே குளிசை முடிய ஒரு கிழமை இருக்கும்போதே கிளினிக்குக்குப் போங்கள். பஸ் இல்லாத ஊர் என்றால் பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். எல்லாக் குளிசைகளையும், அமிற்றிப்ரிலினை விசேடமாக, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். வீட்டில் மனமுடைந்தவர் ஒருவர் இருந்தால் திறப்பு இன்னொருவரிடம் இருக்கட்டும்.

அக்காவின் பை இப்போது சிறுத்துவிட்டது. புளுவொக்செற்றீன், இரும்புச்சத்து, தேவைக்குப் பரசிற்றமோல். கூடவே ஒரு கொப்பி: எந்த நாள் என்ன போட்டார், எப்படி நித்திரை கொண்டார் என்று மகன் எழுதிக் கொடுக்கிறான். டயசிபாமைப் பக்கத்து வீட்டு அம்மாவிடமே திருப்பிக் கொடுத்து, அவரையும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். தங்கைக்கு வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினார்: "உந்தப் பூக் குளிசை எனக்கு ஒத்துவராதாம். கோவிக்காதை. அடுத்த முறை அனுப்புறதெண்டால் எனக்கு ஒரு நல்ல சோடிச் செருப்பு அனுப்பு."

இந்த மே மாதமும் அவருக்கு நித்திரை கெட்டது. பதினெட்டாந் திகதி இரவு முழுவதும் திண்ணையில் இருந்ததாகச் சொன்னார். நெஞ்சு அடித்ததா என்று கேட்டேன். "அடிச்சது" என்றார். "ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓடேல்லை. இருந்து அவரோடை கதைச்சுக்கொண்டு இருந்தன்." அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. இம்முறை ஊரிலிருந்து நான்கு பேர் போகிறோம், ஒவ்வொருவரும் தத்தம் பையுடன்.